மாற்றிப் போட்டாலும் வலது பக்கம்

மார்ச் 4

தம்பிக்கு,

இந்தப் பெட்டிக்குள் ஒரு ஹெட்போன் இருக்கிறது. வெடிகுண்டு இல்லை, தைரியமாகப் பிரி.

இரண்டு வருஷம் கழித்து எழுதுகிறேன் என்பதால் சமாதானம் ஆகிவிட்டது என்று நினைத்துக்கொள்ளாதே. என் போனில் உன் நம்பர் இன்னும் தடுப்பில்தான் இருக்கிறது. அதை எடுக்கப்போவதில்லை. நாம் போனில் பேசினால் மூன்றாவது நிமிஷம் யாராவது ஒருவர் கத்துவோம். காகிதத்தில் கத்தினால் கை வலிக்கும், அதனால் அளவோடு நிற்கும்.

என் வேலை உனக்குத் தெரியும். கோர்ட்டு விசாரணைகளின் ஒலிப்பதிவை அனுப்புவார்கள், நான் கேட்டு எழுத்தாக அடித்து அனுப்ப வேண்டும். வீட்டிலிருந்தே வேலை. சாட்சி சொல்வது வெளியே கசியக் கூடாதாம், அதனால் பின்பக்கம் முழுசாக அடைத்த ஹெட்போன்தான் போட வேண்டும் என்று கம்பெனியே அனுப்பி வைத்திருக்கிறது. எட்டு மணி நேரம் அதற்குள்தான் என் தலை.

அப்பா இன்னும் அதே வீட்டில் என்னோடுதான் இருக்கிறார். பக்கத்து அறை. கைத்தடி இல்லாமல் நடக்க முடியாது, கைத்தடியோடு நடக்க மனசு வராது. போன மாதம் குளியலறை வாசலில் வழுக்கி விழுந்தார். கூப்பிட்டிருக்கிறார். நான் கேட்கவில்லை. சுவரைப் பிடித்துத் தானே எழுந்து, முழங்கையில் ரத்தத்தோடு என் மேஜைக்கு முன்னால் வந்து நின்று, "கூப்பிட்டேன்மா" என்றார். திட்டியிருந்தாலாவது பரவாயில்லை.

அம்மா விழுந்து செத்த அன்று நீ எல்லார் முன்னாலும் என்னைச் சொன்னாயே, ஞாபகம் இருக்கிறதா? "காதுல மூடிய மாட்டிக்கிட்டு உக்காந்திருந்தா பெத்தவ செத்தாக்கூடத் தெரியாது." அதை இன்னொரு முறை கேட்க என்னால் முடியாது. நீ சொல்லாவிட்டாலும் நானே எனக்குச் சொல்லிக்கொள்வேன்.

ஊரெல்லாம் உன் கடைக்கு ஹெட்போன் அனுப்பிச் சத்தத்தை மாற்றிக்கொள்கிறார்களாம். நானும் ஒரு வாடிக்கைக்காரி என்று வைத்துக்கொள். இதன் பின்பக்கத்தைத் திறந்துவிடு. சாட்சி பேசுவதும் கேட்க வேண்டும், பக்கத்து அறையில் ஒரு டம்ளர் விழுந்தாலும் கேட்க வேண்டும். வேறு எதையும் தொடாதே.

அக்கா


மார்ச் 9

அக்காவுக்கு,

பெட்டி மேல் உன் கையெழுத்தைப் பார்த்ததும் அரை மணி நேரம் பிரிக்காமல் மேஜையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். வெடிகுண்டாக இருந்தாலும் பிரித்திருப்பேன்.

திட்டாமல் படி. நீ சொன்னதை நான் செய்யவில்லை.

உன் ஹெட்போனைத் திறந்து பார்த்தேன். கம்பெனிக்காரன் கொடுத்தது ஹெட்போன் இல்லை, இரண்டு பிளாஸ்டிக் டப்பா. காதைச் சுற்றி வரும் பேட் நசுங்கிப்போய், உன் மூக்குக்கண்ணாடிக் காம்பு அழுத்துகிற இடத்தில் ஓட்டை. அந்த வழியாக 'பேஸ்' என்கிற கனத்த சத்தம் எல்லாம் ஓடிவிடுகிறது. அது ஓடினால் நீ சத்தத்தைக் கூட்டிக்கொண்டே போவாய். வருஷக்கணக்காக அப்படித்தான் கேட்டிருக்கிறாய், உன் காது என்ன கதியில் இருக்கிறதோ என்று எனக்குப் பயம். பின்பக்கத்தைத் துளைத்தால் இன்னும் மோசம், குரலெல்லாம் தகர டப்பாவில் பேசுவது போல் ஆகிவிடும்.

அதனால் தடிமனான தோல் பேட் போட்டேன். டப்பாவுக்குள் கம்பளித் துண்டு வைத்தேன். சுவர் அதிராமல் இருக்கக் களிமண் மாதிரியான ஒட்டுப்பசையை உள்ளே அப்பினேன். காற்றுப் போகிற இரண்டு சின்னத் துளைகளையும் டேப் ஒட்டி அடைத்தேன். இப்போது பாதிச் சத்தத்தில் வைத்தாலே சாட்சி எச்சில் விழுங்குவதுகூடக் கேட்கும். கடையில் நான் இதுவரை செய்ததில் இதுதான் நல்ல வேலை.

அப்பாவுக்கு ஒரு அழைப்பு மணி வாங்கிக் கொடு. அவர் பொத்தானை அழுத்தினால் உன் மேஜையில் விளக்கு எரிகிற மாதிரி வருகிறது.

ஏதாவது குறை இருந்தால் எழுது. ஆனால் கடை வாசலில் ஒரு பலகை மாட்டியிருக்கிறேன்: "முதலில் இடம் வலம் மாற்றிப் போட்டுப் பாருங்கள்." பாதிப் பேர் அதைப் படித்துவிட்டு அப்படியே திரும்பிப் போய்விடுகிறார்கள். நீயும் அதைச் செய்துவிட்டு எழுது.

அன்று நான் சொன்னதைப் பற்றி எழுத நினைத்தேன். வரவில்லை.

தம்பி


மார்ச் 14

தம்பிக்கு,

பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்த கதை தெரியுமா? திறந்துவிடு என்றேன், இறுக்கி மூடி அனுப்பியிருக்கிறாய். சின்ன வயசிலிருந்து இதே புத்தி. உனக்கு எது நல்லது என்று எனக்குத் தெரியும் என்கிற புத்தி. அழைப்பு மணியாம். விழுந்து கிடக்கிறவர் எழுந்து வந்து பொத்தானை அழுத்துவாரா?

சரி, இது சண்டைக்கான கடிதமில்லை. எனக்கு ஒரு பயம் வந்திருக்கிறது, அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

உன் ஹெட்போனுக்குள் யாரோ மூச்சு விடுகிறார்கள்.

சிரிக்காதே. முதல் நாள் ஒரு நிலத்தகராறு விசாரணை அடித்துக்கொண்டிருந்தேன். சாட்சி ஒரு பெண். வக்கீல் கேள்வி கேட்டுவிட்டு நிறுத்துகிற இடத்திலெல்லாம் அவள் மூச்சு கேட்டது. உஸ்... உஸ்... என்று, ஈரத்துணியை யாரோ நிதானமாக உதறுவது போல. எங்கள் விதிப்படி அழுகை, சிரிப்பு, பெருமூச்சு எல்லாவற்றையும் எழுத வேண்டும். "சாட்சி பெருமூச்சு விடுகிறார்" என்று பதினோரு இடத்தில் அடித்தேன். மறுநாள் மேற்பார்வை பார்க்கிற அம்மா திருப்பி அனுப்பிவிட்டார்: "ஒரு இடத்தில்கூட மூச்சுச் சத்தம் இல்லை. உடம்பு சரியில்லையா?"

இத்தனை வருஷத்தில் எனக்கு ஒரு வரி திரும்பி வந்ததில்லை.

பதிவை நிறுத்திவிட்டுக் கேட்டேன். அப்போதும் இருந்தது. வயரைப் பிடுங்கிவிட்டுக் கேட்டேன். அப்போதும். மின்சாரமே இல்லாத ஒரு பொருளுக்குள் எப்படியடா சத்தம் வரும்? இதைவிட ஒன்று சொல்கிறேன். மாடிப்படி ஏறி வந்து உட்கார்ந்து மாட்டினால் அது வேகமாக மூச்சு விடுகிறது. நான் பயந்தால் அதுவும் பயப்படுகிறது. நேற்றுப் பயந்துகொண்டே மாட்டினேன், அதுவும் உஸ் உஸ் உஸ்ஸென்று இரைத்தது. கழற்றி மேஜையில் எறிந்துவிட்டு அப்பா அறையில் போய் உட்கார்ந்துகொண்டேன். பட்டப்பகல் பதினொரு மணிக்கு, இந்த வயசில், அப்பாவின் கட்டில் ஓரத்தில். "என்னம்மா, கரண்ட் போயிடுச்சா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். தலைக்கு மேல் மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது.

நீ அதற்குள் என்ன வைத்தாயோ அதையெல்லாம் எடுத்துவிடு. நான் முதலில் கேட்டது போலத் துளைத்துக் கொடு. அதுவரைக்கும் காதில் செருகுகிற பழைய இயர்போனை வைத்துச் சமாளிக்கிறேன்.

அக்கா

பின்குறிப்பு: உன் பலகையில் எழுதியிருக்கிறபடி மாற்றிப் போட்டும் பார்த்தேன். அப்போதும் வலது பக்கம்தான். அதனால் உன் பலகையும் பிரயோஜனமில்லை.


மார்ச் 19

அக்காவுக்கு,

மன்னித்துவிடு. யானைக்கும் அடி சறுக்கும், நான் பூனைதானே.

உன் கடிதத்தைப் படித்துக்கொண்டே ஹெட்போனை எடுத்துவிட்டேன், கை நிற்கவில்லை. முதலில் நானே இரண்டு மணி நேரம் மாட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். ஒன்றும் கேட்கவில்லை. ரப்பர் காதுக்குள் மைக் வைத்த ஒரு பொம்மைத் தலை வைத்திருக்கிறேன், அதற்கு மாட்டிப் பார்த்தேன். அதற்கும் ஒன்றும் கேட்கவில்லை. அந்தத் தலை பொய் சொல்லாது, எனக்கு வாய்த்த ஒரே நேர்மையான உதவியாளர்.

ஆனால் உனக்குக் கேட்டது என்றால் கேட்டதுதான். கம்பளித் துண்டு நழுவி உள்ளே இருக்கிற மெல்லிய தகட்டைத் தொட்டிருக்கலாம். காற்றை ரொம்ப இறுக்கி அடைத்தாலும் அந்தத் தகடு முனகும், தாடையை அசைத்தால்கூட முனகும். எதுவாக இருந்தாலும் என் தப்பு. நான்தான் அளவுக்கு மீறி மூடினேன்.

எல்லாவற்றையும் எடுத்துவிட்டேன். பசையைச் சுரண்டி எடுக்க ஒரு நாள் ஆனது. ஒவ்வொரு டப்பாவிலும் பதினான்கு துளை போட்டு, உள்பக்கம் மெல்லிய வலை ஒட்டியிருக்கிறேன். பேட்டும் துணி பேட்தான், காற்று தாராளமாகப் போய் வரும். சத்தம் கொஞ்சம் மெலிந்திருக்கும், ஆனால் அப்பா தும்மினால் உனக்குக் கேட்கும்.

அந்த மூச்சுச் சத்தத்தை மறந்துவிடு. இந்தத் தொழிலில் பேய் பிசாசு எல்லாம் கடைசியில் ஒரு கம்பளித் துண்டாகத்தான் முடியும்.

தம்பி


மார்ச் 25

தம்பிக்கு,

போய்விட்டது.

மாட்டினேன், மூச்சை அடக்கிக்கொண்டு காத்திருந்தேன், ஒன்றுமில்லை. பக்கத்து அறையில் அப்பா நாளிதழைப் புரட்டுவது கேட்டது. கைத்தடியைச் சுவரில் சாய்த்தார், அது சரிந்து விழுந்தது, "சனியனே" என்று அதைத் திட்டினார், எல்லாம் கேட்டது. சாட்சி பாட்டுக்குச் சாட்சி சொல்ல, அப்பா பாட்டுக்குத் திட்ட, இரண்டையும் கேட்டுக்கொண்டு வேலை செய்தேன். இரண்டு வருஷமாக என் முதுகில் இருந்த ஒன்று இறங்கின மாதிரி இருந்தது. ஒரு வரியும் திரும்பி வரவில்லை. நன்றி என்று எழுதலாமா வேண்டாமா என்று யோசித்து, எழுதிவிட்டேன்.

இனி எழுதப்போவதை நீ பெரிதாக எடுத்துக்கொள்ளாதே. மதியம் சாப்பிட்டுவிட்டு வலது பக்கமாக ஒருக்களித்துப் படுத்தால் அந்தச் சத்தம் லேசாக வருகிறது. ஹெட்போன் இல்லாமலேதான். அதையே கேட்டுக் கேட்டு மனசில் பதிந்துவிட்டது போலிருக்கிறது. காதுக்குக் கீழே, கழுத்தும் தாடையும் சேருகிற இடத்தில் விரலை வைத்து அழுத்தினால் உடனே நின்றுவிடுகிறது. நல்ல வழியாகக் கண்டுபிடித்துவிட்டேன். இப்போதெல்லாம் யோசிக்கும்போதே கை அங்கே போய்விடுகிறது.

நேற்று அப்படி விரலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அப்பா வாசலில் நின்று ரொம்ப நேரம் பார்த்தார். "நீயும் எதுக்கும்மா அங்க கைய வெச்சுக்கிட்டு?" என்று கேட்டார். 'நீயும்' என்றால் வேறு யார் என்று கேட்டேன். திரும்பிப் போய்க் கட்டிலில் படுத்துக்கொண்டார். சாயங்காலம் வரை எழுந்திருக்கவில்லை.

எனக்குப் பயமாக இருக்கிறது. அதை எழுதிவிட்டேன், இனி வேலையைப் பார்க்கிறேன்.

அக்கா


மார்ச் 28

அக்கா,

இதை உட்கார்ந்து படி. அப்பாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படி.

உன் கடிதம் வந்ததிலிருந்து ஆறு முறை போன் செய்தேன். தடுப்பில் போட்டிருக்கிறாய். அப்பாவின் போன் வழக்கம்போல உயிரில்லாமல் தலையணைக்கு அடியில் கிடக்கிறது. கிளம்பி வந்துவிடலாம் என்று பஸ் நிலையம் வரை போனேன். ஆனால் போன தடவை நான் வந்து நின்றபோது நீ கதவைச் சாத்தியது ஞாபகம் வந்தது. சாத்தின கதவுக்கு வெளியே நின்று இதையெல்லாம் கத்த முடியாது. ஒரே நாளில் கொடுத்துவிடுகிற கூரியரில் இதை அனுப்புகிறேன். வெள்ளிக்கிழமை மதியத்துக்குள் உன்னிடமிருந்து தகவல் வராவிட்டால் கதவை உடைத்துக்கொண்டாவது வருவேன்.

நாளைக்கே டாக்டரிடம் போ. காது டாக்டர் போதாது, தலையைப் படம் எடுத்துப் பார்க்கிற பெரிய ஆஸ்பத்திரிக்குப் போ. "வலது காதில் நாடித் துடிப்போடு சேர்ந்து சத்தம் வருகிறது, விரலால் அழுத்தினால் நிற்கிறது" என்று இதே வார்த்தையில் சொல். இப்போதே மணிக்கட்டில் நாடியைப் பிடித்துப் பார். அந்த உஸ் உஸ் அதோடுதான் ஓடும். மாடி ஏறினால் வேகம், பயந்தால் வேகம் என்று நீயே எழுதியிருக்கிறாய். ஹெட்போனுக்குள் யாரும் இல்லை அக்கா. அது உன் ரத்தம்.

காதை இறுக்கி மூடினால் வெளிச்சத்தம் அடங்கும், உடம்பின் சத்தம் பெரிதாகும். இது எனக்குத் தெரியாதா? தினமும் நான் செய்கிற வேலையே அதுதானே. நான் மூடியதால் அது வரவில்லை. ஏற்கெனவே இருந்தது, மூடியதால் உனக்குக் கேட்டது. பிறகு இருபத்தெட்டுத் துளை போட்டு அதை மறைத்துக் கொடுத்தேன். நீயும் நன்றி சொன்னாய்.

என் கடைப் பலகையில் இரண்டாவது வரி ஒன்று உண்டு. உனக்கு எழுதவில்லை, அது வாடிக்கைக்காரரைச் சிரிக்கவைக்க எழுதியது. "பக்கம் மாறினால் என் வேலை, மாறாவிட்டால் டாக்டர் வேலை." நீ மாற்றிப் போட்டாய், வலது பக்கம்தான் என்று பின்குறிப்பில் எழுதினாய். நான் அதைப் படித்தேன். கண்தான் படித்தது. ஊருக்குத்தான் உபதேசம். ஹெட்போன்தான் குற்றவாளி என்று முதல் வரியிலேயே முடிவு கட்டிவிட்டேன், ஏனென்றால் அதைத்தான் எனக்குச் சரிசெய்யத் தெரியும்.

இப்போது மற்றதையும் சொல்கிறேன். இதை எழுதக் கை வரவில்லை.

அப்பா 'நீயும்' என்று சொன்னது அம்மாவை நினைத்து. அம்மா கடைசி வருஷம் டிவி பார்க்கும்போது காதுக்குக் கீழே விரலை வைத்துக்கொண்டுதான் உட்கார்ந்திருப்பாள். விடுமுறைக்கு வந்தபோது நானும் பார்த்திருக்கிறேன். சாவதற்கு நாலு மாதம் முன்னால் எனக்குப் போன் செய்தாள். "காதுக்குள்ள யாரோ துருத்தி ஊதுற மாதிரி இருக்குடா. நீதான் காது சாமான் எல்லாம் பாக்குறவனாச்சே, ஏதாவது சொல்லு" என்றாள். நான் அப்போது ஒரு வாடிக்கைக்காரரோடு பேசிக்கொண்டிருந்தேன். "டிவி சத்தத்தக் கொற, சரியாயிடும்" என்றேன். அடுத்த வாரமும் கேட்டாள். ஒரு சின்ன இயர்போனில் பாட்டுப் போட்டு அனுப்பினேன். "இத மாட்டிக்கோ, அது கேக்காது" என்றேன். மாட்டிக்கொண்டாள். "இப்பக் கேக்கலடா, நல்லாருக்கு" என்றாள். நீ இப்போது எழுதினாயே, போய்விட்டது என்று, அதே மாதிரி.

உன்னிடம் சொல்ல வேண்டாம் என்றாள். உனக்கு வேலை கெடும், கவலைப்படுவாய் என்றாள்.

அன்று நான் வந்தபோது அம்மாவின் காதில், முடிக்குள் மறைந்து, அந்த இயர்போன் இருந்தது. நீ உள்ளே அழுதுகொண்டிருந்தாய். நான் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். வெளியே வந்து எல்லார் முன்னாலும் உன்னைப் பார்த்து அந்த வாக்கியத்தைச் சொன்னேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தேன் அக்கா. யாராவது என்னைக் கேட்பதற்கு முன்னால் உன்னைக் கைகாட்டிவிட்டேன்.

இதற்காக நீ என்னை என்ன வேண்டுமானாலும் செய். ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டு வந்து செய். எனக்கு உயிர் கையில் இல்லை.

தம்பி


ஏப்ரல் 2

தம்பிக்கு,

போனேன். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். இந்த ஐந்து நாளாக நீ என்ன கதியில் இருப்பாய் என்று தெரியும். தகவல் கிடைத்ததும் வெள்ளிக்கிழமை கதவை உடைக்கிற வேலையை விட்டுவிடு, வாடகை வீடு.

டாக்டர் ஒரு அம்மா, என்னைவிடச் சின்னவர். நீ எழுதிக் கொடுத்த வார்த்தைகளை அப்படியே சொன்னேன். அவர் ஸ்டெதஸ்கோப்பை என் காதுக்குப் பின்னால் எலும்பு மேல் வைத்தார். கொஞ்ச நேரம் அசையாமல் இருந்தார். பிறகு, "எனக்கும் கேக்குதுங்க" என்றார்.

அந்த இடத்திலேயே அழுதுவிட்டேன். பதினோரு பெருமூச்சும் பொய்யில்லை. இன்னொருத்தர் கேட்டுவிட்டார். ஒரு நொடி சந்தோஷம்கூட வந்தது, பைத்தியக்காரி மாதிரி. அப்புறம்தான் அவர் முகத்தைப் பார்த்தேன்.

படம் எடுத்தார்கள். மூளையைச் சுற்றியிருக்கிற உறையில் இரண்டு ரத்தக் குழாய்கள் முறையில்லாமல் ஒட்டிக்கொண்டு குறுக்கு வழி போட்டுவிட்டனவாம். அந்த வழியில் ரத்தம் பாய்கிற சத்தம்தான் அது. அழுத்தம் தாங்காமல் கசிந்தால்? "கசியறதுக்கு முன்னாடி வந்துட்டீங்க. ஆனா தள்ளிப்போட வேண்டாம்" என்றார். தொடை வழியாக மெல்லிய குழாயை மேலே வரை விட்டு, பசை மாதிரி ஒன்றை ஊற்றி அந்த வழியை அடைத்துவிடுவார்களாம். நீ செய்கிற வேலைதான், அவர்கள் மேஜை கொஞ்சம் சுத்தமாக இருக்கும். பதினொன்றாம் தேதி காலை. நூற்றில் எத்தனை பேருக்கு என்ன ஆகலாம் என்று ஒரு தாள் கொடுத்தார்கள். படித்தேன், படித்திருக்க வேண்டாம். பேச்சு போகலாம் என்று ஒரு வரி இருந்தது. என் வாயைத்தான் யாராலும் அடைக்க முடியாது என்று நீ சொல்வாயே.

அம்மாவைப் பற்றிக் கேட்டேன். இது குடும்பத்தில் வருவது அபூர்வம் என்றார். அம்மாவுக்கு இருந்தது இதுதானா, விழுந்தது அதனால்தானா என்று இனிமேல் யாராலும் சொல்ல முடியாதாம்.

இப்போது உனக்கு. உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். நான்காவது முறை கிழிக்க எடுத்தேன், அதில் டாக்டரிடம் சொல்ல வேண்டிய வார்த்தை இருந்ததால் கிழிக்கவில்லை. அன்றைக்கு நான் ஹெட்போனைக் கழற்றியது மதியம் பன்னிரண்டு நாற்பது. இந்த இரண்டு வருஷமும் தினமும் பன்னிரண்டு நாற்பதுக்குக் கழற்றி, எழுந்து போய், அம்மா விழுந்து கிடந்த இடத்தைப் பார்த்துவிட்டு வருகிறேன். தினமும்டா. வீடு மாற்றலாம் என்று அப்பா சொன்னார், நான்தான் மாட்டேன் என்றேன். நீ சட்டைப் பையில் அதை வைத்துக்கொண்டு சும்மா இருந்தாய். மன்னித்தேன் என்று எழுத இரண்டு முறை பேனாவை வைத்தேன். வரவில்லை. வராததை எழுத மாட்டேன், எனக்கு அது தொழில் தர்மம்.

ஆனால் ஆஸ்பத்திரிக் காகிதத்தில் ரத்த உறவு கையெழுத்துப் போட வேண்டும் என்கிறார்கள். அப்பா தாளைப் பிடித்தால் தாள்தான் நடுங்குகிறதா அவர்தான் நடுங்குகிறாரா என்று தெரியவில்லை. நீ வா. கீழ் வீட்டுக்காரர் அப்பாவைப் பார்த்துக்கொள்வார்.

வரும்போது அந்தத் தடிமன் பேட், பசை, டேப் எல்லாவற்றையும் கொண்டு வா. ஹெட்போனையும் இதோடு அனுப்பியிருக்கிறேன். முன்பு மூடியது போலவே மூடு. எல்லாம் முடிந்த பிறகு அது நின்றுவிட்டதா என்று நானே கேட்க வேண்டும், எனக்கு வேறு யார் சொன்னாலும் நம்பிக்கை வராது.

இயர்போனையும் கொண்டு வா. அது என் அம்மாவுடையது.

அக்கா


ஏப்ரல் 6

அக்காவுக்கு,

எட்டாம் தேதி காலை பஸ். கதவைச் சாத்தினாலும் படியில் உட்கார்ந்திருப்பேன்.

இருபத்தெட்டுத் துளையையும் பசையால் அடைத்துவிட்டேன். போட ஒரு மணி நேரம், அடைக்க ஒரு நாள். அடைத்து முடித்ததும் நானே மாட்டிப் பார்த்தேன். என் தலைக்குள் ஒன்றும் கேட்கவில்லை. அது நிம்மதியாக இல்லை. அந்தச் சத்தம் எனக்கு வந்திருக்கக் கூடாதா என்று இருந்தது.

பலகையின் இரண்டாவது வரியைப் பெரிய எழுத்தில் மாற்றி எழுதிவிட்டேன். நேற்று ஒருவர் அதைப் படித்துவிட்டுச் சிரித்தார். உட்கார வைத்து, எந்தப் பக்கம், எத்தனை நாளாக, மாடி ஏறினால் வேகமாகிறதா என்று கேட்டேன். பயந்துபோய் ஓடிவிட்டார். பரவாயில்லை.

உன் தாளில் இருந்த பேச்சு போகலாம் என்கிற வரியை என்னால் மறக்க முடியவில்லை. எதைச் சொல்லியாவது திட்டிக்கொண்டே இரு.

தம்பி


ஏப்ரல் 12, மதியம்

தம்பிக்கு,

நீ எனக்கு எதிரே நாற்காலியில் வாயைத் திறந்து தூங்குகிறாய். மூன்று நாளாகக் கண்ணை மூடாதவனை எழுப்ப மனசில்லை. அதோடு, இதையெல்லாம் உன் முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்கு வராது. நர்ஸிடம் ஒரு தாள் வாங்கி எழுதுகிறேன். கட்டிலிலிருந்து எழுதுவதால் கோணலாக இருக்கிறது, கை நன்றாகத்தான் இருக்கிறது. பேச்சும் இருக்கிறது. காலையில் அந்த டாக்டர் அம்மா என் பேரைக் கேட்டபோது இரண்டு முறை சொன்னேன், எனக்கே கேட்க வேண்டும் என்பதற்காக.

"அடைச்சுட்டோம், நல்லா வந்திருக்கு" என்றார். அது திரும்ப வராதுதானே என்று கேட்டேன். "எழுதிக் கொடுக்க முடியாதும்மா. மூணு மாசத்துல மறுபடியும் படம் எடுத்துப் பாப்போம்" என்றார். ஆக மூன்று மாதத்துக்குப் பயம் பாக்கி இருக்கிறது.

நீ கட்டில் ஓரத்தில் வைத்திருந்த பையைத் திறந்தேன். மேலே அம்மாவின் இயர்போன் ஒரு தீப்பெட்டிக்குள் இருந்தது. இரண்டு வருஷமாகத் துடைக்கக்கூட இல்லையா நீ? அதைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டேன். அதைப் பற்றி இன்னொரு நாள் சண்டை போடுவேன், நிச்சயமாகப் போடுவேன், தயாராக இரு.

அப்புறம் ஹெட்போனை எடுத்தேன். எதிலும் செருகாமல் மாட்டிக்கொண்டு, இரண்டு பக்கமும் பேடைக் கையால் அழுத்திப் பிடித்தேன். வராந்தாவில் தள்ளுவண்டிச் சத்தம் போனது, நர்ஸ் பேச்சு போனது, உன் குறட்டை போனது. ஒன்றுமே இல்லை.

உண்மையைச் சொல்கிறேன், இத்தனை நாளில் நான் அதிகம் பயந்தது அந்த நேரம்தான். இருதயம் நின்றுவிட்டது என்றே நினைத்தேன். கழுத்தில் விரலை வைத்துப் பார்த்தேன். துடித்துக்கொண்டிருந்தது. சத்தம் போடாமல் தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தது.

மாற்றிப் போட்டும் பார்த்தேன்.

ஊருக்குப் போனதும் அந்த இருபத்தெட்டுத் துளையையும் மறுபடி திறந்து கொடு. சத்தம் தகர டப்பா மாதிரி இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும். அப்பா கூப்பிட்டால் எனக்குக் கேட்க வேண்டும். நீ கூப்பிட்டாலும். பன்னிரண்டு நாற்பது ஆகி அரை மணி ஆகிவிட்டது, இன்றைக்கு நான் இப்போதுதான் கடிகாரத்தைப் பார்க்கிறேன்.

உன் நம்பரைத் தடுப்பிலிருந்து எடுத்துவிட்டேன். எழுந்ததும் இதைப் படித்துவிட்டு, ஒன்றும் பேசாமல் வராந்தாவுக்குப் போய் என் போனுக்கு ஒரு முறை கூப்பிட்டுப் பார்.

அக்கா